டிங் சத்தம் எங்கே போயிற்று?

"திருடன் விசிறி விட்டிருக்கான்" என்றார் பாஸ்.

நான் மேஜையைப் பார்த்தேன். ரேடியோ இல்லை. பச்சைத் துணியில் அதன் நான்கு கால்களும் அழுந்திய தடம் மட்டும் இருந்தது. எதிரே பாட்டரியில் ஓடும் ஒரு சின்ன மின்விசிறி, காலியான இடத்துக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"வெயில் ஜாஸ்தி பாஸ். திருடனுக்கும் வேர்க்கும்ல?"

"வேர்த்தா விசிறி அவன் மூஞ்சியைப் பார்த்து இருக்கணும் எம்மெட். இது ரேடியோவைப் பார்த்து இருக்கு."

பாஸ் என்றால் ஆர்லீன் ஸ்டக்கி. எவன்ஸ்வில்லில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். பெரும்பாலும் காணாமல்போன நாய்கள், அவ்வப்போது காணாமல்போன கணவர்கள். நாய்களைத்தான் ஆர்வமாகத் தேடச் சொல்கிறார்கள். நான் அவருடைய உதவியாளன். இருபது வருடம் லாரி ஓட்டி முதுகைத் தொலைத்துவிட்டு இவரிடம் வந்து சேர்ந்தேன். வழியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள சி.பி. ரேடியோ இல்லாவிட்டால் லாரிக்காரனுக்குச் சோறு இறங்காது. அதில் சொந்தப் பெயர் சொல்கிற வழக்கமும் கிடையாது. காற்றில் என் பெயர் ஈர விறகு. நான் சூடாக ரொம்ப நேரம் ஆகும் என்று நானே வைத்துக்கொண்டேன்.

இந்தியானாவின் தென்கோடியில், எங்கள் மாவட்டப் பொருட்காட்சித் திடலில், வருடா வருடம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை பழைய சி.பி. ரேடியோக்காரர்கள் கூடுவோம். வாங்குவது, விற்பது, பீற்றுவது. பீற்றுவதுதான் முக்கியம். இந்த வருடம் எல்லோரும் பீற்றுவதைக்கூட விட்டுவிட்டு மதியம் ஒரு மணி ஆவதற்காகக் காத்திருந்தார்கள். காரணம், காணாமல்போன ரேடியோவின் சொந்தக்காரர் ஹார்லன் ஆட்டர்பாக். காற்றில், தூங்கும் எருமை.

அந்த எருமை இப்போது எனக்குப் பின்னால் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தது.

"சூடா இருக்கறப்போ அசைச்சா உள்ள இருக்கற கண்ணாடிக் குழாய் எல்லாம் செத்துப் போயிடும்னு அவங்ககிட்ட சொல்லு எம்மெட்" என்றார் ஹார்லன்.

பாஸ் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். "காதுல விழுந்துது ஹார்லன். அதான் விசிறி. ஆற வெச்சுத் தூக்கியிருக்காங்க. ஆன்டெனா வயரைப் பாருங்க, பிய்க்கலை. திருகிக் கழட்டி, சுருட்டி, முடிச்சுப் போட்டு வெச்சிருக்காங்க. நீங்க எப்போ மேஜையை விட்டுப் போனீங்க?"

ஹார்லன் என்னைப் பார்த்தார். "பத்து மணிக்கு எல்லாரோடயும் குரூப் போட்டோ எடுக்கப் போனேன்னு சொல்லு."

"பத்து மணிக்கு போட்டோ எடுக்கப் போனாராம் பாஸ்."

"எனக்கும் அவருக்கும் ஒரே பாஷைதான்னு அவர்கிட்ட சொல்லு."

சொன்னேன். ஹார்லன் காது வரைக்கும் சிவந்துபோய் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துவிட்டார். அறுபத்தேழு வயது. நல்ல மனுஷர். ஆனால் எதிரில் ஒரு பெண் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதே ஆள் கையில் மைக்கைக் கொடுத்துப் பாருங்கள், கேட்கிறவர்கள் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள். மழைத் தவளை என்ற பெண்மணி மறந்தே போய்விட்டார். அவர் இருப்பது மொன்டானாவில். ஒன்பது வருடமாக, வானம் ஒத்துழைக்கிற நாட்களில் எல்லாம் இருவரும் பேச்சுதான். ஹார்லனின் ரேடியோ சில்வர் ஹாக் என்ற அந்தக் காலத்துப் பெட்டி. பேசுவதற்கு மைக் பொத்தானை அமுக்கினால் முதலில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்த டிங் கேட்டதுமே மறுமுனையில், "வந்துட்டியா எருமை" என்று மழைத் தவளை சிரிப்பார். நாங்கள் எல்லோரும் ஒட்டுக்கேட்போம். வெட்கமே கிடையாது எங்களுக்கு.

இன்று ஒரு மணிக்கு மழைத் தவளை முதன்முறையாக இங்கே வருகிறார். மேடையில் உட்கார்ந்து அதே ரேடியோவில் டிங் அடித்து, அதே மைக்கில், என்னைக் கட்டிக்கொள்வாயா என்று ஹார்லன் கேட்கப்போகிறார். ஊருக்கே தெரியும். மழைத் தவளைக்கு மட்டும்தான் தெரியாது.

"ரேடியோ இல்லைன்னா நான் கேக்க மாட்டேன் எம்மெட்" என்றார் ஹார்லன் குனிந்தபடியே. "எனக்குத் தெரியும். அவ வருவா, நான் ஈன்னு நிப்பேன், அவ போயிடுவா. கண்டுபிடிக்கச் சொல்லு எம்மெட். தயவுசெஞ்சு."

பாவமாக இருந்தது. அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

பாஸ் நடக்க ஆரம்பித்தார். அவர் யோசிக்கிறபோது நடப்பார். நான் கூடவே ஓட வேண்டும்.

"திருடினது ரேடியோ தெரிஞ்ச ஆள். அதுலயும் ரேடியோ மேல பாசம் இருக்கற ஆள். சரியா?"

"சரி பாஸ். இந்தத் திடல்ல அந்த மாதிரி ஆளுங்களைத் தவிர வேற யாரும் இல்லையே. பொண்டாட்டிக்கு விசிறி விடாதவன்கூட ரேடியோவுக்கு விடுவான்."

"ஆனா பத்து மணிக்கு எல்லாரும் போட்டோல இருந்தாங்க. காட்டு."

என் போனில் படம் இருந்தது. கொத்துக் கொத்தாகத் தொப்பிகள். பாஸ் ஒவ்வொரு தொப்பியாகப் பார்த்தார்.

"யாரு இல்லை?"

"க்ளோவிஸ்! இரும்புக் கோழி! அவன் இல்லை பாஸ். அந்தப் பெட்டிக்காகத் தன்னோட படகையே குடுக்கறேன்னு நாலு வருஷமா ஹார்லன் பின்னாடி அலையறான்!"

க்ளோவிஸ் ப்ராண்டன்பர்கர் தன் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் கூட்டத்திலேயே பெரிய பழமைவாதி. குழாய் வைக்காத ரேடியோ ரேடியோவே இல்லை, அது பொம்மை என்று மேடை தவறாமல் முழங்குகிறவன். போன வருடம் ஒருவர் புது ரேடியோ ஒன்றைக் காட்டியதற்கு அவரோடு சேர்ந்து சாப்பிட மறுத்துவிட்டான். எங்களைக் கண்டதும் எழுந்து, வண்டியின் பின்புறத்தை மறைத்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு போர்வை. போர்வைக்கு அடியில் சதுரமாக ஏதோ.

"என்ன க்ளோவிஸ், போட்டோவுக்கு வரலையா?" என்றேன்.

"தலைவலி."

"போர்வைக்குள்ள யாரு, உன் தலையா?"

"துணிமணி."

"துணிமணிக்கு எதுக்குய்யா வயரு?" உண்மையிலேயே போர்வையிலிருந்து ஒரு கறுப்பு வயர் எட்டிப் பார்த்தது.

க்ளோவிஸ் தேள் கொட்டிய திருடன்போல் விழித்தான். கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. பாஸ் அவனிடம் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டிப் போர்வையை இழுத்தார்.

உள்ளே புத்தம்புது ரேடியோ. பளபளவென்று. நிறம் மாறுகிற விளக்குகள், தொடுதிரை. மூடியில் இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.



"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான் க்ளோவிஸ். "சத்தம் அவ்வளவு சுத்தமா கேக்குதும்மா. நான் என்ன பண்ணுவேன்? எல்லாரும் போட்டோவுக்குப் போனா கொஞ்ச நேரம் போட்டுப் பாக்கலாமேன்னு..."

"எத்தனை மாசமா?" என்றேன் கடுமையாக.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"சீ!"

"எம்மெட்" என்றார் பாஸ், "போர்வையைப் போர்த்திவிடு."

போர்த்திவிட்டேன். க்ளோவிஸ் பாஸின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். இனி இரண்டு வருடத்துக்கு என் வண்டிக்கு அவன்தான் ஓசியில் எண்ணெய் மாற்றப்போகிறான். அவனுக்கு அது இன்னும் தெரியாது.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கு பாஸ். திருடனைத் தேடினா துரோகி சிக்கறான். இப்போ என்ன பண்றது? மணி பன்னிரண்டரை. எனக்குப் பசிக்குது."

"ரேடியோ தெரிஞ்சவங்க எல்லாரும் போட்டோல. தெரிஞ்சும் போட்டோல இல்லாதவன் போர்வைக்குள்ள. மிச்சம் யாரு?"

"யாரும் இல்லை."

"இருக்காங்க. ரேடியோ தெரியாதுன்னு சொல்றவங்க. வா, சாப்பிடலாம்."

இதனால்தான் பாஸை எனக்குப் பிடிக்கும். அவர் துப்பு எந்த வழியாகப் போனாலும் சாப்பாட்டுக் கொட்டகை வழியாகப் போகும்.

பக்கத்துக் கட்டடத்தில் ஒட்டுத்துணி மெத்தை விரிப்புகளின் கண்காட்சி. அந்தக் கூட்டமும் எங்கள் கூட்டமும் ஒரே கொட்டகையில்தான் சாப்பிட வேண்டும். நான் பன்றிக்கறி வறுவல் வைத்த பன் வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி கறி தட்டுக்கு வெளியே தொங்கியது. பன் அதன்மேல் ஒரு பொட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. இடம் இருந்த ஒரே மேஜையில், வெள்ளைக் கிராப்பும் கட்டம் போட்ட சட்டையுமாக உயரமான ஒரு பெண்மணி உட்கார்ந்து, கடுகுச் சாஸ் புட்டியைக் கையில் எடுத்தார்.

"உக்காரலாமா அம்மணி?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயை முழுசாக மூடும்வரை காத்திருந்தார். "தாராளமா" என்றார்.

ப்ளச். என் சட்டையில் மஞ்சளாக ஒரு புள்ளி.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க!" ப்ளச்ச். இரண்டாவது புள்ளி.

"பரவாயில்லை, பழைய சட்டைதான். வெளியூரா?"

மறுபடியும் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தார். "ஆமா, விரிப்புக் கண்காட்சிக்கு வந்தேன், என் தங்கச்சி ரெண்டு தெச்சிருக்கா." பேச்சு நீளமாக இருந்ததால் கடுகும் நீளமாக வந்தது. என் பையிலிருந்து பித்தான் வரைக்கும் ஒரு கோடு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் பிடிப்பில்லாதவர்களுக்கு ஏன் புட்டியைக் கொடுக்கிறார்கள்? பாஸைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்து, என் சட்டையை ஓவியம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோல எல்லாம் ஆர்வம் உண்டா அம்மணி?" என்று பாஸ் கேட்டார்.

மூச்சு நேரம். "சுத்தமா கிடையாது. எங்க வீட்ல ரேடியோவே இல்லை. இந்த ஆம்பளைங்க அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழறதைப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வருது."

இந்தத் தடவை கடுகு என் கழுத்துப்பட்டி வரை வந்துவிட்டது.

"அந்தப் புட்டியைக் குடுங்க, இதைப் பிடிங்க" என்று பாஸ் அவர் கையில் தக்காளிச் சாஸ் புட்டியைத் திணித்தார். "உங்க ஊர்ல இப்போ மழை உண்டா?"

"இல்லைங்க, காஞ்சுபோய்க் கெடக்கு."

மஞ்சளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு. நான் எழுந்துவிட்டேன். "பாஸ், நான் என்ன சுவரா?"

"உக்காரு எம்மெட். சாட்சி அசையக் கூடாது." பாஸ் முன்னால் சாய்ந்தார். "அம்மணி, பேசறப்போ கட்டைவிரல் அமுக்குது. முடிச்சதும் விடுது. எதிராளி பேசி முடிச்சு ஒரு மூச்சு போனப்புறம்தான் நீங்க ஆரம்பிக்கறீங்க. நானும் ஊர் உலகத்தைப் பாத்திருக்கேன். அடுத்தவங்க பேச்சுல குறுக்கப் பேசாதவங்கன்னா அது ரேடியோக்காரங்க மட்டும்தான். பல வருஷமா மைக் பிடிச்ச கை இது. சில்வர் ஹாக் எங்க?"

அந்தப் பெண்மணி புட்டியை மெல்லக் கீழே வைத்தார். கையை மடியில் ஒளித்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் பேச, என்மேல் ஒன்றும் விழவில்லை.

"என் வண்டில இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு."

"ஷெரீஃபைக் கூப்பிடறேன்" என்று நான் போனை எடுத்தேன்.

பாஸ் தன் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்து அந்தப் பெண்மணியிடம் கொடுத்தார். அதன் ஜோடி என் இடுப்பில் இருக்கிறது. "அதுக்கு முன்னாடி இதுல ரெண்டு வார்த்தை பேசுங்க. இந்த ஆள் ஒரு விஷயத்தைக் காதால கேட்டாத்தான் நம்புவார்."

அவர் தயங்கினார். வாக்கி டாக்கியை வாய்க்குப் பக்கத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தார். என் இடுப்பு பேசியது:

"ஈர விறகே, உன் சட்டைக்கு என்ன ஆச்சு?"

பெஞ்சிலிருந்து விழப் பார்த்தேன். பெட்டிக்குள் புகுந்ததும் அந்தக் குரல் தன் பழைய மூக்கை மாட்டிக்கொண்டுவிட்டது. ஒன்பது வருடம் கேட்ட குரல். ஒரு பனிக்காலத்தில் வயோமிங்கில் என் லாரி சாலையோரம் புதைந்து கிடந்தபோது, நான் கண்ணயர்ந்தால் விறைத்துப் போய்விடுவேன் என்று, உதவி வரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே இருந்த குரல். நேரில் கேட்டு அடையாளம் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. கண்ணும் கலங்கிவிட்டது.

"மழைத் தவளை!" என்றேன். "நீங்களே உங்க... எதுக்கு?"

"என் பேரு ரொவீனா" என்றார். "சீக்கிரமே வந்துட்டேன். நேத்து சாயங்காலம் அவர் மேஜை அடுக்கிட்டிருந்தப்போ போய் முன்னாடி நின்னேன். வணக்கம் சொன்னேன். அந்த மனுஷன் பெட்டிக்குப் பின்னாடி தலையை விட்டுக்கிட்டு, 'இது விக்கறதுக்கு இல்லை'ன்னாரு. அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பாக்கலை."

"அவர் சுபாவமே அப்படித்தான்..."

"தெரியுது. எனக்கு வயசு அறுபத்திநாலு ஈர விறகு. டிங் சத்தத்தோட ஒன்பது வருஷம் பேசியாச்சு. எதுக்கு இன்னிக்கு வரச் சொல்றார்னு தெரியாத அளவுக்கு நான் முட்டாளா? சரின்னு சொல்லிட்டு, அப்புறம் அவர் ஒரு ரூம்லயும் நான் ஒரு ரூம்லயும் உக்காந்து மைக்ல பேசணுமா? காலைல சாப்பிடறப்போ உப்பை எடுன்னு கேக்கறதுக்கு ஆன்டெனா வேணுமா? அந்தப் பெட்டி இல்லாம ஒரு வார்த்தை பேசறாரான்னு பாக்கணும். பேசலைன்னா ரேடியோவை மேஜையில வெச்சிட்டு ஊருக்குப் போயிடுவேன்."

பாஸ் என்னைப் பார்த்தார். "எருமையைக் கூட்டிட்டு வா. என்ன ஏதுன்னு சொல்லாதே."

வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு ஹார்லனை இழுத்துக்கொண்டு வந்தேன். ரொவீனாவின் வண்டியில், முன் இருக்கையில் சில்வர் ஹாக் உட்கார்ந்திருந்தது. அழகான ஒட்டுத்துணி விரிப்பைப் போர்த்தி, சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். என் மாமியாரைக்கூட நான் அப்படி உட்காரவைத்துக் கூட்டிப்போனதில்லை. ஹார்லன் ஓடிப்போய் அதைத் தடவினார். குழாய்களை எண்ணினார். பிறகு மைக்கைத் தேடினார்.

"மைக் எங்கிட்ட இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வாய் உங்ககிட்டதான் இருக்கு."

ஹார்லன் திரும்பினார். ரொவீனாவைப் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது. வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கத் தயாராக வாயைத் திறந்தேன். பாஸ் என் காலை மிதித்தார், குதிகாலால்.

ஹார்லன் சட்டென்று திரும்பி நடந்தார்.

ரொவீனாவின் முகம் வாடிவிட்டது. "அவ்வளவுதான்" என்றார் மெதுவாக. எனக்கு ஹார்லனைப் பிடித்து நான்கு அறை விடலாம்போல் இருந்தது.

ஆனால் அவர் போகவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு டிராக்டர் நின்றது. அதற்கு எதிரில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கழுத்து சிவந்திருந்தது.

"நேத்து எனக்குத் தெரியும்" என்றார் டிராக்டரிடம். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "நீ முன்னாடி வந்து நின்னு தொண்டையைக் கனைச்சே. ஒன்பது வருஷமா கேட்ட கனைப்பு. நீதான்னு தெரிஞ்சுது. அதனாலதான் பயந்துட்டேன். விக்கறதுக்கு இல்லைன்னு என்னத்தையோ உளறிட்டேன். ராத்திரி பூரா என்னை நானே திட்டிக்கிட்டேன்."

ரொவீனா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் நல்லா குறட்டை விடுவேன், அதான் அந்தப் பேரு. வீட்ல மூணு ரூம்ல ரேடியோதான். ஒரு ரூமைக் காலி பண்ணிட்டேன். மஞ்சள் பெயின்ட் அடிச்சிருக்கேன். உனக்கு மஞ்சள் பிடிக்கும்னு எப்பவோ சொன்னே. ஜன்னல் கிழக்க பாத்து இருக்கு. மிச்ச ரெண்டு ரூமையும் வேணும்னா காலி பண்றேன். ஒண்ணையாவது விட்டா நல்லா இருக்கும்." மூச்சு வாங்கினார். "என்னைக் கட்டிக்கறியா?"

"டிராக்டர் சரின்னு சொல்லிடப் போகுது பாஸ்" என்று கிசுகிசுத்தேன். பாஸ் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவரிடம் சேர்ந்த நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

ரொவீனா நடந்து போனார். ஹார்லனுக்கு முன்னால் போய் நிற்பார் என்று நினைத்தேன். அவர் பின்னாலேயே நின்று, தானும் திரும்பி, தன் முதுகை ஹார்லனின் முதுகில் சாய்த்துக்கொண்டார். வண்டிகளுக்கு நடுவே, வெயிலில், இரண்டு பேரும் முதுகோடு முதுகாக நின்றார்கள்.

"கட்டிக்கறேன்" என்றார் ரொவீனா எங்கள் பக்கம் பார்த்தபடி. கன்னத்தில் நீர் வழிந்தது. "ஆனா காலைல சாப்பிடறப்போ மட்டும் என் பக்கம் திரும்பி உக்காரணும்."

ஹார்லன் அசையவில்லை. திடலிலிருந்து அவர் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பிறகு காலை மாற்றி மாற்றி வைத்து, ஒரு லாரி குறுகலான சந்தில் திரும்புவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். ரொவீனாவும் திரும்பினார். ஹார்லன் முதலில் அவர் சட்டைப் பித்தானைப் பார்த்தார். அடுத்து மோவாய். மூக்கு. கடைசியில் கண்ணைப் பார்த்துவிட்டார்.

"முட்டை" என்றார். எச்சில் விழுங்கினார். "முட்டை எப்படி வேணும் உனக்கு?"